கடல் வலையில் பஞ்சு

திருவில்லிபுத்தூரில் கருத்தம்மாள் என்ற பெயரைச் சொல்லி வழி கேட்டால், எந்தக் கருத்தம்மாள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று, பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் ‘தனியார் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டியவர் அவர் ஒருவரே. வயது ஐம்பதைக் கடந்திருந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியேறும் வழியைக் கண்ணால் அளந்துகொள்வது அவர் வழக்கம். எப்பொருளையும் கண்ணருகே கொண்டுபோகுமுன் மூக்கருகே கொண்டுபோவார். ஒரு கேள்வியை ஒரே முறைதான் கேட்பார். பதில் வராவிட்டால், வராமற்போனதையே பதிலாக வைத்துக்கொள்வார். கீழே பால் சுண்டும் மணம் நாள் முழுவதும் மாடியேறி வந்தபோதிலும் அவர் இனிப்பை நாவில் வைப்பதில்லை. அக்குறை கடைக்காரருக்குத் தெரியாதபடி அவருடைய பங்கையும் சேர்த்து உண்டு வந்தவன் அவருடைய உதவியாளன் சாம்சன்.

சாம்சன் அவருக்கு வண்டி ஓட்டினான். வண்டி நின்ற இடங்களிலும் அவனுடைய வாய் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன்க்கா, மலையடிவாரத்துல கெடக்கிற நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?” என்றான் அந்தச் சனிக்கிழமை நண்பகலில், இராசபாளையத்துச் சாலையில் வண்டியைத் திருப்பியபடி. “நான் கடைசியாக் கடலைப் பாத்தது கல்யாணத்துக்கு முன்னால. அதுக்குப் பொறவு உப்புத்தண்ணி எல்லாம் வீட்டுலயே வடிச்சுக்கிடுதேன்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டுலே. கடல் அந்தப் பிள்ளைக்கு இருக்கு.”

அந்தப் பிள்ளை என்று அவர் குறிப்பிட்டது ஜாஸ்மினை. கடற்கரை ஊர் ஒன்றில், அரசின் வலை மீட்பு நிலையத்துக்குப் பொறுப்பாளராக இருந்த இளம்பெண் அவள். கிழிந்துபோன வலையைக் கடலிலேயே வீசிவிட்டு வருவது பலருடைய பழக்கம். வீசிய வலையோ சாவதில்லை. கடலடியில் கிடந்தபடியே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும்; பிடித்ததை எடுக்க ஆள்தான் இராது. இதைத் தடுப்பதற்காகவே அரசு, கிழிந்த வலைகளையும் கடலடியிலிருந்து இழுத்து வரப்படும் வலைகளையும் நிறுத்து வாங்கிச் சாக்குகளில் அடைத்து, வாயில் ஈய முத்திரை வைத்து, இராசபாளையத்தில் அவற்றை உருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பி வந்தது.

சில மாதங்களாக அத்தொழிற்சாலையில் சாக்குகளைத் திறந்தால் மேலே வலையும் உள்ளே மணலும் இருந்தன. எடையில் குறைவில்லை; முத்திரையும் சிதையவில்லை. ஆகையால், மணலை வைத்து அனுப்பியவள் ஜாஸ்மினே என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். விசாரணை அதிகாரி திருவில்லிபுத்தூர் விருந்தினர் மாளிகையில் வந்து தங்கியிருந்தார். தவறு தன்னுடையதே என்று அன்று மாலை அவள் கையெழுத்திட்டுவிட்டால் வேலை மட்டும் போகும். மறுத்தால், விஷயம் காவல் நிலையத்துக்குப் போகும். “நான் செய்யலை அக்கா. ஆனா ஜெயிலுக்குப் போகவும் தைரியம் இல்லை. நாளைச் சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருதேன்” என்று முந்திய நாள் அவள் சொன்னபோது, அவளுக்காக அழுதவர் அருகில் அமர்ந்திருந்த அவளுடைய தாய்மாமன் ஜெபக்குமார்.

ஜெபக்குமார் நல்ல மனிதர். தாய் தகப்பனில்லாத ஜாஸ்மினைத் தம் தோளில் வளர்த்தவர். இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் நெடுங்காலம் உழைத்து, அந்த உழைப்பில் ஒரு லாரி வாங்கியவர். வலைச் சாக்குகளைக் கடற்கரையிலிருந்து ஏற்றி வருவதும் அந்த லாரிதான். எடையும் முத்திரையும் சரியாக இருந்தமையால் அவர்மீது யாரும் ஐயுறவில்லை. துப்பறிய வந்தவர்களை அந்த முந்திய நாளிலேயே சோழபுரத்தில் தாம் லாரி நிறுத்தும் கொட்டகைக்கு அழைத்துப்போய், தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்து, மருமகளைக் காப்பாற்றுங்கள் என்று கைகூப்பினார். சனிக்கிழமை காலையில் புதிய சாக்குகளைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, ஜாஸ்மினுக்குத் துணையாகத் திருவில்லிபுத்தூருக்குப் போய்விட்டதாகவும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அந்தப் புதிய சாக்குகளுள் ஒன்றைத் தம் கண்முன்னே திறக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் கருத்தம்மாளின் நோக்கம்.

தொழிற்சாலையின் வாயிலில் வீரணன் என்ற காவலர் அவர்களை மறித்தார். பீரங்கிப் படையில் பணியாற்றியவர். பீரங்கி அவருடைய செவியில் பாதியை வாங்கிக்கொண்டிருந்தது. குரலை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தது.

“போனு, தீப்பெட்டி, லைட்டரு, எல்லாத்தையும் இங்கன வச்சிட்டுப் போங்க!” என்று அவர் முழங்கினார். “உள்ள பூராம் பிளாஸ்டிக்கு! ஒரு பொறி பட்டாப் போச்சு!”

“வாயையும் வச்சிட்டுப் போகணுமா அண்ணாச்சி? அதுவும் அப்பப்போ பத்திக்கும்” என்றான் சாம்சன்.

“ஆங்?”

“ஒண்ணுமில்லை, கும்பிடுதேன்னு சொன்னேன்!”

வாயிலின் மேலே, சாலையைப் பார்த்தவாறு ஓர் எண்பலகை சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே சரக்குக் கிட்டங்கியிலுள்ள எடை மேடையில் எது ஏறினாலும் அதன் எடை அப்பலகையில் தெரியும். மீட்ட வலையின் எடையைப் பொதுமக்களும் பார்க்க வேண்டும் என்பது அரசு விதித்திருந்த நிபந்தனை. பொதுமக்களுள் அதைப் பார்த்தவர் வீரணன் ஒருவரே. நாற்காலியை அதற்கு எதிரே போட்டுக்கொண்டு, எல்லைப் புறத்தைக் கண்காணிப்பவரைப்போல் அதையே கண்காணித்துக்கொண்டிருந்தார்.

மேற்பார்வையாளன் விஜயபாண்டி அவர்களைக் கிட்டங்கிக்கு அழைத்துச் சென்றான். சனிக்கிழமை அரைநாள் வேலையாதலால் ஆட்கள் கலைந்துவிட்டிருந்தனர். நெடிய தகரக் கூடம். உள்ளே சாக்குகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. ஒரே வாயில், அதற்கு ஓர் இரும்பு ஷட்டர். கூரையை ஒட்டி, கை நுழையாத அளவில் சில காற்றுத் துளைகள். கருத்தம்மாளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

“பின்னால வேற கதவு இல்லையா?”

“இல்ல மேடம். களவு போயிரும்னு முதலாளி வைக்கலை. மணலுக்கும் காவல், எங்க நேரம்!” என்று சலித்துக்கொண்டான் விஜயபாண்டி. காலையில் வந்த சாக்குகளுள் கருத்தம்மாள் சுட்டிய ஒன்றை எடை மேடையருகே இழுத்துப்போட்டு, முத்திரையை நறுக்கி வாயைத் திறந்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். “நீங்க செத்த நேரம் பாத்துக்கிட்டிருங்க. நான் ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடியாந்திருதேன்.”

அவன் போனான். கருத்தம்மாள் சாக்கின் வாயிலிருந்து வலையை உருவத் தொடங்கினார். பச்சை நிற நைலான் வலை. கடல் நாற்றம் அடித்தது. இரண்டு முழம் உருவியதும் சாம்சன் தும்மினான். மறுபடியும் தும்மினான். மூன்றாவது தும்மலுக்கு அவன் வாயைத் திறந்த அதே நேரத்தில், கூடம் அதிரும்படி ஷட்டர் சரிந்து இறங்கியது. வெளியே பூட்டுப் பூட்டும் ஓசை கேட்டது.



“நான் தும்முனதுக்கா இம்புட்டுக் கோவம்?” என்றான் சாம்சன்.

ஓடிப்போய் ஷட்டரைத் தட்டினான், உதைத்தான், “விஜயபாண்டி அண்ணே!” என்று கூவினான். மதிய வெயிலில் தகரம் அடுப்புக்கல்லாகக் காய்ந்திருந்தது. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். வாயில் காவலரோ அரைச் செவியர். அவருக்கும் கிட்டங்கிக்கும் நடுவே பெரிய முற்றம். அதற்கப்பால் தென்காசிச் சாலையின் லாரி இரைச்சல். கூவிப் பயனில்லை என்பதைக் கருத்தம்மாள் முதலிலேயே உணர்ந்துகொண்டார். பூட்டியவன் விஜயபாண்டியேயானால் அவன் திரும்பி வரப்போவதில்லை. நாளை ஞாயிறு. திங்கட்கிழமை காலைவரையில் இக்கதவை யாரும் திறக்க வேண்டிய அவசியமில்லை. மாலையிலோ அந்தப் பெண் கையெழுத்திட்டுவிடுவாள்.

கூரையிலிருந்து அனல் இறங்கியது. காற்றுத் துளைகளின் வழியே வந்த வெளிச்சம் தரையில் வந்து விழாமல் சாக்குகளின்மேலேயே தங்கிவிட்டது. மூச்சை இழுத்தால் அழுகிய மீன் வாடையும் உப்பும் தொண்டையில் ஒட்டின. சுவர்கள் சிறிது சிறிதாக நெருங்கி வருவதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது மூச்சு முட்டுவதன் முதற்படி என்பதை அறிந்தவராதலால், வேலை செய்வதே மருந்து என்று மீண்டும் சாக்கின் முன் அமர்ந்தார்.

“ஆமையெல்லாம் இப்படித்தான் கெடக்கும்போலக்கா” என்றான் சாம்சன். அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “ஒரே வித்தியாசம், அதுக்கு ஓடு இருக்கு. எனக்கு நீங்க இருக்கீக.”

“ஓட்டை மூடிக்கிட்டு இதைப் பிடி.”

வலையை இருவருமாக விரித்தார்கள். உள்ளே மணல்தான். அதைப் பார்த்ததும் சாம்சன் பெருமூச்செறிந்தான். கருத்தம்மாளோ மணலைப் பார்க்கவில்லை. வலையின் ஒரு மடிப்பை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வெளிச்சம் விழுந்த இடத்துக்குக் கொண்டுபோனார். முடிச்சுகளின் இடுக்குகளில் வெண்மையாக ஏதோ திரண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தார்.

“என்னது இது?”

சாம்சன் குனிந்து பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினான். “பஞ்சு! எனக்குப் பஞ்சு ஆகாதுக்கா. எங்க வீட்டுல தலகாணியைத் தட்டுனாக்கூட நான் தெருவுல போயி நிப்பேன்.”

“கடல்ல ஏதுலே பஞ்சு?”

“மீனுக்குத் தலகாணி வேண்டாமா?”

அவர் சிரிக்கவில்லை. பஞ்சை விரலிடையே உருட்டினார். அது மென்மையாக இல்லை, மொரமொரவென்றிருந்தது. நாவின் நுனியில் வைத்தார். கரித்தது. பஞ்சின்மேல் உப்புப் பொரிந்து காய்ந்திருந்தது.

அப்போதுதான் அவர் மனத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

“சாம்சா, கவனமாக் கேளு. கடல்ல இருந்து வந்த வலையில பொறவு பஞ்சு ஒட்டுச்சுன்னா, உப்புக்கு மேல பஞ்சு இருக்கணும். இங்க பஞ்சுக்கு மேல உப்பு இருக்கு. அப்படின்னா எது முந்தி?”

“பஞ்சு முந்தி, கடல் பிந்தி” என்று மெல்லச் சொன்ன சாம்சன், சொன்ன பிறகே அதன் பொருளை உணர்ந்து விழித்தான். “அப்படின்னா இந்த வலை ஏற்கெனவே பஞ்சு உள்ள ஊருக்கு வந்திருக்கு. வந்துட்டு, திரும்பவும் கடலுக்குப் போயிருக்கு!”

“போயி, தண்ணியில முங்கி எந்திரிச்சு, கடலடியில இருந்து எடுத்த வலைன்னு சொல்லி, யாரோ ஒரு படகுக்காரன் கையில ஜாஸ்மின்கிட்டயே வந்து நின்னிருக்கு. அந்தப் பிள்ளையும் நிறுத்து வாங்கிருக்கா. ஒரே வலையை அரசாங்கம் எத்தனை தடவை மீட்டுச்சோ!”

சாக்கிலிருந்து எடுத்த வலை கடற்கரைக்குத் திரும்பியிருக்கிறது. அதன் இடத்தில் எடைக்கு எடை மணல் வந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் மீட்ட வலையின் எடை ஏறிக்கொண்டே போயிற்று. கடலடியில் கிடந்த வலையோ கிடந்தவாறே கிடந்தது.

“அப்ப இந்த பாக்டரிக்காரன்தான்” என்று சாம்சன் முஷ்டியை மடக்கினான். “வலையை எடுத்துக்கிட்டு, மணல் வருதுன்னு அவனே புகாரும் குடுத்து, நம்மளையும் விஜயபாண்டியை விட்டு அடைச்சுப்பிட்டான். சாப்பிடப் போறேன்னான் பாருங்க, நம்மளை டிபன் பாக்ஸ்ல போட்டு மூடுற மாதிரி மூடிட்டு!”

“சாக்கு இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கு. முத்திரையை நம்ம கண்ணு முன்னால வெட்டுனான். அவன் எப்ப மணலை வச்சான்?”

கருத்தம்மாள் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மணல் கொட்டியது. வாயிலுள்ள முத்திரையை எல்லாரும் பார்த்தார்கள். அடியிலுள்ள தையலை யாரும் பார்த்ததில்லை. அவர் பார்த்தார். பக்கவாட்டுத் தையல்கள் ஆலையிலிருந்து வந்தவாறு நைலான் இழையில் இருந்தன. அடித்தையல் மட்டும் பருத்தி நூலில், கோணியூசியால் கையாலே போட்டதாக இருந்தது.

“வாயைப் பூட்டிக்கிட்டு வயித்தைத் திறந்திருக்கான்” என்றார் அவர்.

தையல் முடிந்த இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. கடுகு போன்ற முடிச்சு; அதன் இரு வால்களும் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்குத் தைக்கிற எவரும் வாலை இரண்டு விரல் நீளம் விட்டுத்தான் அறுப்பார்கள். சாக்குக்கு அழகு தேவையில்லை. கடற்கரைக்காரர்களோ இன்னும் நீளமாக விடுவார்கள். ஈரத்தில் முடிச்சு நழுவிவிடும் என்ற அச்சம் அவர்கள் கையிலேயே இருக்கும். இப்படிக் கடுகாக முடிந்து வாலை ஒட்ட நறுக்குவது ஒரே ஓர் இடத்தில்தான். நூற்பாலையின் வைண்டிங் பிரிவில், அறுந்த இழையை முடிபவர்கள் வால் விட்டால் அது எந்திரத்தில் சிக்கும். மேஸ்திரியின் வசவும் கூடவே வரும். கருத்தம்மாளின் அக்காள் அப்பிரிவில் வேலை பார்த்தவர். வேலையை விட்ட பிறகு வீட்டில் பூக்கட்டும்போதும் வாலை ஒட்ட நறுக்கிச் சரத்தை அவிழவிட்டு ஏச்சு வாங்குவார். மூளை மறந்தாலும் அந்தக் கை மறப்பதில்லை.

“மில் கை” என்றார்.

“இந்த ஊருல பாதிப் பேருக்கு மில் கைதானேக்கா. மீதிப் பாதிக்கு அவிய வீட்டம்மா கை.”

“சரி, கையை விடு. பஞ்சுக்கு வா. இந்த பாக்டரியில பஞ்சு உண்டா?”

“ஏது? பிளாஸ்டிக் உருக்குற இடத்துல பஞ்சு பறந்தா வீரணன் அண்ணாச்சி பீரங்கியை எடுத்துருவாரே.”

“உன் மூக்கு சொல்லட்டும். இங்க இந்த வலையைப் பிரிக்கிற வரைக்கும் நீ தும்மலை. இதுக்கு முன்னால கடைசியா எங்கலே தும்முனே?”

“நேத்துத்தான். வடையைக்கூடத் திங்க விடாமத் தும்மிக்கிட்டே இருந்தேனே. அந்தச் சோழபுரத்துல, பழைய ஜின்னிங் மில்லுல, நம்ம அண்ணாச்சி லாரி நிறுத்துற...”

அவன் வாய் அப்படியே நின்றது. கருத்தம்மாளிடம் அவன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக, பாதி வாக்கியத்தில் அவன் நின்றது அன்றுதான்.

பருத்தி விதை நீக்கும் ஆலையாக இருந்து மூடப்பட்ட அந்தக் கொட்டகை இருவர் கண்முன்னும் வந்து நின்றது. உத்தரத்திலும் சுவரிலும் பல ஆண்டுப் பஞ்சு ஒட்டடையாகத் தொங்கியது, காற்றடித்தால் பறந்தது. அதன் கீழே நின்றுதான் ஜெபக்குமார் கைகூப்பினார்.

“அவியளா?” என்று கிசுகிசுத்தான் சாம்சன். “அழுதாவளேக்கா!”

“அழுகை பொய்யில்லைலே. மருமகமேல பாசமும் பொய்யில்லை. அதுதான் நமக்கு இடைஞ்சல்.”

ஷட்டருக்கு வெளியே யாரோ செருமினார்கள்.

“கெட்டிக்காரிதான் மேடம் நீங்க” என்றது ஜெபக்குமாரின் குரல். திருவில்லிபுத்தூரில் இருப்பதாகச் சொன்னவர் ஒரு தகரத்துக்கு அப்பால் நின்றிருந்தார். “விஜயபாண்டியைத் திட்டாதீக. பாவம், சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போனான். கிட்டங்கியைப் பூட்டியாச்சு, நீங்க என் லாரியிலயே திருவில்லிபுத்தூருக்கு வாரீகன்னு அவன்கிட்டயும் வாசல்லயும் சொல்லிட்டேன். காலையில இருந்தே லாரியைப் பின்னால போட்டுட்டு நான் இங்கனதான் நிக்கேன். சாக்கைத் திறக்கச் சொல்லி நீங்க வந்த பொறவுதான் எனக்கு வேற வழி இல்லாமப் போச்சு.”

“எங்களுக்கும் வேற வழி இல்லை, ஒரே கதவுதான்” என்றான் சாம்சன்.

கருத்தம்மாள் அவனைக் கையமர்த்தினார். “என்ன வேணும் ஜெபக்குமார்?”

“உங்களுக்கு வேண்டியதைத்தான் தர வந்திருக்கேன். ஜாஸ்மினைக் காப்பாத்தணும், அம்புட்டுத்தானே? பாக்டரி முதலாளிதான் மணலை வச்சான்னு அதிகாரிகிட்டச் சொல்லிருங்க. உங்க பேச்சை அவர் தட்டமாட்டாரு. பிள்ளைக்கு வேலை நிக்கும், பேரும் நிக்கும். நானும் இதோட எல்லாத்தையும் விட்டுருதேன், சத்தியமா. இப்பவே பூட்டைத் திறக்கேன்.”

“இல்லைன்னா?”

“திங்கக்கிழமை விஜயபாண்டி திறப்பான். ஓரத்துல ஒரு குடம் தண்ணி வச்சிருக்கு. அதுக்குள்ள அவ கையெழுத்துப் போட்டிருப்பா. வேலை போகும், பொறவு என் வீட்டுச் சோறு, வழக்கம்போல. எனக்கு மட்டும் ஆசையா மேடம்? ஆனா உண்மையைச் சொல்லி நீங்க என்னத்தைக் காப்பாத்தப் போறீக? அவளுக்கு ஒலகத்துல இருக்கிறது நான் ஒருத்தன். அந்த ஒருத்தனையும் பிடுங்கிட்டு, வேலையை மட்டும் கையில குடுப்பீகளா?”

பேரம் நியாயமாக இருந்ததே அதன் கொடுமை. அவரை அமர்த்திய பெண் கேட்டதனைத்தும் அதில் அடங்கியிருந்தது. ஒரு பொய், அது விழப்போவதோ முத்திரையிட்ட சாக்கை நம்பிய ஒரு முதலாளியின் தலையில். பதிலாகக் கதவு திறக்கும், காற்று வரும். வெளியே காத்திருப்பவளுக்கு வாழ்வும் வரும், மாமனும் இருப்பார். வியர்வை நெற்றியில் வழிந்தது. சாம்சன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு கேக்கேன்” என்றார் அவர். “கடல்ல இருந்து எடுத்ததாக் கணக்குச் சொன்ன வலையெல்லாம் இன்னும் அங்கனதானே கெடக்கு?”

“கடலுக்குள்ள எம்புட்டுக் கெடக்குன்னு எவன் போயிப் பாக்கப் போறான்?” என்று ஒரு முணுமுணுப்பு. அதன்பிறகு, “சரி, நீங்க யோசிங்க மேடம். எனக்கு நேரமாச்சு. பிள்ளை தனியா உக்காந்திருப்பா” என்றது குரல். லாரி உறுமிக்கொண்டு விலகிப் போயிற்று.

சாம்சன் எடை மேடையின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான். “போச்சு. நான் செத்தா வீட்டுல சொல்லிருங்கக்கா, பீரோ சாவி...”

“எந்திரி!”

“ஏன், உக்காரவும் கூடாதா?”

“மறுபடி உக்காரு!”

அவன் திகைத்துப்போய் அமர்ந்தான். அவர் விரல் சுட்டிய இடத்தில், மேடையின் ஓரத்துச் சிறு பெட்டியில், எண்கள் சிவப்பாக ஏறின. அவன் எழுந்ததும் சுழியாயின. சாம்சனுடைய முகம் மலர்ந்தது.

“வாசல்ல!”

“ஏறி இறங்கு. நிக்காம.”

சாம்சன் ஏறினான், இறங்கினான், ஏறினான், இறங்கினான். ஆளற்ற கிட்டங்கியில் ஒரு நடுத்தர மனிதனின் எடை தோன்றித் தோன்றி மறைவது சாலைக்கு அறிவிக்கப்பட்டது. வியர்வையில் அவன் தொப்பலாக நனைந்தான். யாரும் வரவில்லை.

“ஒத்தை ஆளுன்னா எலின்னு நெனச்சுக்கிடுவாருக்கா. நீங்களும் ஏறுங்க.”

கருத்தம்மாள் தயங்கினார். “பலகை ரோட்டைப் பாத்துல்ல இருக்கு.”

“மானமா, உசுரா?”

“ரெண்டும்தான்” என்ற கருத்தம்மாள், சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். சாம்சன் சிவந்த எண்களைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் காட்டிய மிகப் பெரிய அடக்கம் அது.

இருவரும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். மூச்சு இரைத்தது, கண் இருட்டியது. கடைசியில் முற்றத்தின் குறுக்கே காலணிகளின் ஓசை கேட்டது.

“யார்ரா அது உள்ள!” என்று முழங்கினார் வீரணன். “கிட்டங்கியில ஆள் இல்லைன்னு போர்டுக்குத் தெரியும்! எனக்கும் தெரியும்! எடை மட்டும் எப்படிடா ஏறுது! பேயா இருந்தாலும் கையைத் தூக்கிட்டு வா!”

“பேய்க்கு எடை கிடையாது அண்ணாச்சி! தயவுசெஞ்சு திறங்க!” என்று சாம்சன் அலறினான்.

பூட்டு உடைபட்டு ஷட்டர் மேலேறியபோது, காற்று முகத்தில் தண்ணீர் தெளித்ததுபோல் வந்து மோதியது. பின்னாலேயே ஓடிவந்த விஜயபாண்டி, கையில் சோற்றுப் பருக்கையுடன் வாய்பிளந்து நின்றான். அடித்தையல் போட்ட சாக்கையும் பஞ்சு ஒட்டிய வலையையும் வண்டியில் ஏற்றும்படி அவனிடம் சொல்லிவிட்டு, கருத்தம்மாள் வாயிலில் வைத்திருந்த கைபேசியை எடுத்தார். அது அவர் கையிலேயே ஒலித்தது.

“அக்கா, எங்க போயிட்டீக? எத்தனை தடவை அடிச்சேன்!” என்றாள் ஜாஸ்மின். “அதிகாரி பேனாவைக் குடுத்துட்டாரு. மாமா இப்பத்தான் வந்தாவ, பக்கத்துலதான் இருக்காவ. அவிய கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். யாருன்னு தெரிஞ்சிச்சா அக்கா? முதலாளிதானா?”

கருத்தம்மாள் சாலையைப் பார்த்து நின்றார். முதலாளிதான் என்ற ஒரு சொல்லுக்கு இப்போதும் இடமிருந்தது. மாமன் அந்தச் சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் காத்திருப்பதையும் அவர் அறிவார். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் இருக்கும் கை யாருடையது என்று தொலைபேசியில் சொன்னால், அவள் அதை உதறவும் முடியாது, பற்றவும் முடியாது. சொல்லாமல் விட்டால், வாழ்நாள் முழுவதும் அந்த வலைக்குள்ளேயே பத்திரமாக இருப்பாள்.

சாம்சன் வண்டியைக் கிளப்பி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“கையெழுத்துப் போடாத தாயி. பேனாவைக் கீழ வை” என்றார் கருத்தம்மாள். “நான் வாரேன். உங்க மாமா எதிர்லயே வச்சு உண்மையைச் சொல்லுதேன்.”